பழைய காரில் போன் பாட்டு கேட்பது எப்படி? ஸ்டீரியோவை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய முதல் வாரத்தில் பலருக்கும் நடக்கும் விஷயம் இது. இன்ஜின் ஓகே, டயர் ஓகே, பேப்பர் எல்லாம் ஓகே. சாவியைத் திருப்பி போனை எடுத்து ப்ளூடூத்தைத் தேடினால், கார் பெயரே வராது. டாஷ்போர்டில் இருப்பது 2009 அல்லது 2011ஆம் ஆண்டு ஸ்டீரியோ. சிடி போடலாம், ரேடியோ கேட்கலாம். கையில் இருக்கும் பாட்டோ மொத்தமும் போனில் இருக்கிறது.

பெங்களூரு ஜே.சி. ரோடு, டெல்லி கரோல் பாக், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என எந்த ஊர் கார் ஆக்சஸரீஸ் வீதிக்குப் போனாலும் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இதைக் கழட்டிட்டு ஆண்ட்ராய்டு டச் ஸ்கிரீன் போட்ருங்க சார்." சில நேரம் அது சரியான பதில். ஆனால் பல நேரங்களில் சில நூறு ரூபாயில் முடியக்கூடிய வேலை அது. தேவையில்லாமல் ஸ்டீரியோவை மாற்றி, வயரிங்கை வெட்டினால் பேட்டரி இறங்குவது முதல் ஷார்ட் சர்க்யூட் வரை புதுப் பிரச்னைகள் வரலாம்.

போனையோ பழைய எம்பி3 பிளேயரையோ கார் ஸ்டீரியோவுடன் இணைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது என்று இங்கே பார்க்கலாம்.

சுருக்கமாக

- ஆக்ஸ் துளை இருந்தால்: நேரடி வயர், அல்லது ஆக்ஸில் செருகும் ப்ளூடூத் ரிசீவர். குறைந்த செலவில் நல்ல சத்தம்.
- யுஎஸ்பி மட்டும் இருந்தால்: ஃபாட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ்.
- கேசட் டெக் இருந்தால்: கேசட் அடாப்டர்.
- ரேடியோ மட்டும் இருந்தால்: எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்.
- எதுவும் திருப்தி இல்லை, மேப்பும் ஸ்கிரீனில் வேண்டும் என்றால்: ஸ்டீரியோவை மாற்றுவது. ஆனால் வயரை வெட்டாமல், கப்ளர் போட்டு.

முதலில் ஐந்து நிமிடம் டாஷ்போர்டைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் ஸ்டீரியோவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனால் பணம் மிச்சமாவது இங்கேதான்.

ஸ்டீரியோ முகப்பில் மட்டும் தேடாதீர்கள். ஆக்ஸ் துளையும் யுஎஸ்பி போர்ட்டும் பல கார்களில் கியர் லிவருக்கு முன்னால், க்ளோவ் பாக்ஸுக்குள், அல்லது ஆர்ம் ரெஸ்ட்டுக்கு அடியில் இருக்கும். பழைய ஓனரே அதைப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்து, 'மோட்' அல்லது 'சோர்ஸ்' பட்டனை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ரேடியோ, சிடி என்று மாறும்போது ஆக்ஸ் என்றும் வந்தால், எங்கோ ஓர் இன்புட் இருக்கிறது என்று அர்த்தம். சில மாடல்களில் அந்த இன்புட் ஸ்டீரியோவின் பின்பக்கம் இருக்கும். வெளியே துளை இல்லாவிட்டாலும், அந்த மாடலுக்கான ஆக்ஸ் வயர் ஒன்றைப் பின்னால் செருகினால் போதும்.

கடைசியாக, 12 வோல்ட் சாக்கெட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் சிகரெட் லைட்டர் என்று சொல்வது இதைத்தான். வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் ஃப்யூஸ் போயிருக்கும். புது ஃப்யூஸ் சில ரூபாய்தான்.

வழி 1: பென் டிரைவ்

யுஎஸ்பி போர்ட் இருக்கும் ஸ்டீரியோவில் போனை வயரால் இணைத்தால் சார்ஜ் மட்டும் ஏறும், பாட்டு வராது. "போர்ட் கெட்டுப்போச்சு" என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். போர்ட் கெடவில்லை. பழைய ஸ்டீரியோவுக்கு பென் டிரைவ் மாதிரி தன்னைக் காட்டிக்கொள்ளும் சாதனத்தை மட்டும்தான் படிக்கத் தெரியும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் அப்படித்தான் இருந்தன. பிறகு வந்தவை எம்டிபி என்ற வேறு முறைக்கு மாறிவிட்டன. அந்த மொழி பழைய ஸ்டீரியோவுக்குப் புரியாது.

அதனால் இங்கே போனை விட பென் டிரைவ்தான் சிறந்தது. சில விதிகள் மட்டும் உண்டு.

ஃபார்மேட்: பெரும்பாலான பழைய ஸ்டீரியோக்கள் ஃபாட்32 முறையில் ஃபார்மேட் ஆன டிரைவை மட்டுமே படிக்கும். 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் பொதுவாக எக்ஸ்ஃபாட் முறையில் வருகின்றன. அவற்றைப் போட்டால் 'எரர்' காட்டும். 16 அல்லது 32 ஜிபி டிரைவ் வாங்கினால் இந்தத் தலைவலி குறைவு.

கொள்ளளவு: 32 ஜிபி போதுமா என்று யோசிக்க வேண்டாம். 320 கேபிபிஎஸ் தரத்தில் 4 நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 9.6 எம்பி. அப்படிப் பார்த்தால் 32 ஜிபியில் 3,000 பாட்டுகளுக்கு மேல் வைக்கலாம். தொடர்ந்து கேட்டால் 200 மணி நேரம்.

கோப்பு வகை: எம்பி3 என்றால் எங்கேயும் ஓடும். ஃபிளாக் கோப்புகளைப் பழைய ஸ்டீரியோ பொதுவாகப் படிக்காது.

இன்னொன்று. ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'டவுன்லோட்' செய்த பாட்டுகளை பென் டிரைவுக்கு மாற்ற முடியாது. அவை பூட்டப்பட்ட கோப்புகள், அந்த ஆப்புக்குள் மட்டுமே திறக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எம்பி3, அல்லது உங்கள் சிடியிலிருந்து மாற்றிய பாட்டு இருந்தால்தான் இந்த வழி.

வழி 2: ஆக்ஸ் வயர்

இருப்பதிலேயே எளிமையானது. இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் இருக்கும் வயர். ஒரு முனை போனில், மறுமுனை காரில். சத்தம் நேரடியாக மின் சிக்னலாகப் போகிறது. நடுவில் சுருக்குவதும் விரிப்பதும் கிடையாது. நல்ல வயராக இருந்தால் தரமும் நன்றாக இருக்கும்.

ஒரே சிக்கல், இப்போதைய பல போன்களில் ஹெட்போன் துளையே இல்லை. 2016இல் ஐபோன் 7 அதை நீக்கியது, மற்ற கம்பெனிகள் பின்தொடர்ந்தன. அதனால் டைப்-சி முதல் 3.5 மில்லிமீட்டர் வரை மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று தேவை.

இந்த அடாப்டரில்தான் பலர் காசை விடுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வெறும் வயர் மட்டும்தான் இருக்கும். போனே அனலாக் சத்தத்தை வெளியே அனுப்பினால்தான் அது வேலை செய்யும். மற்றொன்றில் டிஏசி எனப்படும் சின்ன சிப் இருக்கும். அது டிஜிட்டல் சிக்னலைச் சத்தமாக மாற்றும். இப்போதைய பல போன்களுக்கு இரண்டாவது வகைதான் தேவை. வாங்கும்போது "டிஏசி உள்ளதா?" என்று கேளுங்கள். ஐபோன் 15 முதல் ஆப்பிளும் டைப்-சிக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாடல்களுக்கு லைட்னிங் அடாப்டர் வேண்டும்.

வால்யூம் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. போனில் 80 முதல் 90 சதவீதம் வைத்துவிட்டு, மீதியை ஸ்டீரியோவில் கூட்டிக் குறையுங்கள். போனில் குறைவாக வைத்து ஸ்டீரியோவை முழுக்கத் திருப்பினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும். பிறகு வயரைக் கழற்றி ரேடியோவுக்கு மாறும்போது காது கிழியும்.

வழி 3: ஆக்ஸில் செருகும் ப்ளூடூத் ரிசீவர்

வயர் வேண்டாம், ஆனால் ஆக்ஸ் துளை இருக்கிறது என்பவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. போனிலிருந்து ப்ளூடூத்தில் வாங்கி, ஆக்ஸ் வழியாகக் காருக்குக் கொடுக்கும்.

"ப்ளூடூத்ல குவாலிட்டி போயிடும்" என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் உண்மைதான். எல்லா ப்ளூடூத் ஆடியோ சாதனத்திலும் கட்டாயம் இருக்க வேண்டிய எஸ்பிசி முறையில், உயர்தர அமைப்பில் சுமார் 328 கேபிபிஎஸ் வரை போகும். டயர் சத்தம், காற்று, ஏசி ஃபேன் எல்லாம் ஓடும் காருக்குள் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியது மின்சாரம். சில ரிசீவர்களில் உள்ளேயே பேட்டரி இருக்கும், அவ்வப்போது சார்ஜ் போட வேண்டும். சிலவற்றுக்கு எப்போதும் யுஎஸ்பி பவர் தேவை.

பென் டிரைவ் வடிவத்தில் வரும் மலிவான ரிசீவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதை யுஎஸ்பியில் செருகினால் சத்தமும் யுஎஸ்பி வழியாகவே வரும் என்று நினைத்து வாங்குகிறார்கள். பெரும்பாலானவை யுஎஸ்பியிலிருந்து கரன்ட் மட்டும்தான் எடுக்கும். சத்தம் வர அதன் பின்னால் உள்ள 3.5 மில்லிமீட்டர் வயரை ஆக்ஸில் செருகியே ஆக வேண்டும். உங்கள் காரில் ஆக்ஸ் இல்லை என்றால் அது வெறும் அலங்காரப் பொருள்.

இதில் மைக் இருந்தால் போன் காலும் ஸ்பீக்கரில் வரும். கால் வரும்போது சத்தம் பழைய லேண்ட்லைன் மாதிரி தட்டையாகிவிடும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். பாட்டுக்கும் காலுக்கும் ப்ளூடூத் வேறு வேறு முறைகளைப் பயன்படுத்துகிறது, காலுக்கானதில் தரம் குறைவு. கால் காருக்கு வரவே வேண்டாம் என்றால் போனின் ப்ளூடூத் செட்டிங்கில் அந்தச் சாதனத்துக்கு 'கால்' என்பதை மட்டும் அணைத்துவிடலாம்.

வழி 4: எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்

ஆக்ஸ் இல்லை, யுஎஸ்பி இல்லை, ரேடியோ மட்டும்தான் என்றால் இது கைகொடுக்கும். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன ரேடியோ ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை வாங்கி ஒரு எஃப்எம் அலைவரிசையில் ஒலிபரப்பும். ஸ்டீரியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு வரும்.

இதன் பலவீனமும் அதுதான். இந்தியாவில் எஃப்எம் 87.5 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை. பெரிய நகரங்களில் இந்த இடம் நெரிசல். டிரான்ஸ்மிட்டரின் சக்தி மிகக் குறைவு, உண்மையான ஸ்டேஷனோ ஊர் முழுக்கக் கேட்கும் சக்தி கொண்டது. இரண்டும் ஒரே இடத்தில் மோதினால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே 91.1, 93.5, 98.3 போன்ற எண்களைத் தொடாதீர்கள். பெங்களூரு, சென்னை இரண்டிலுமே அவற்றில் தனியார் ஸ்டேஷன்கள் ஓடுகின்றன. முதலில் 87.5க்கும் 88.5க்கும் இடையில் தேடிப் பாருங்கள். பேச்சோ பாட்டோ இல்லாமல் 'ஷ்ஷ்' என்ற சத்தம் மட்டும் வரும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. அதற்கு இருபுறமும் கொஞ்சம் காலியாக இருந்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் வண்டியை நிறுத்தி வைத்துச் செய்யுங்கள். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை போகும்போது ஓரிடத்தில் சுத்தமாக இருந்த அலைவரிசை அடுத்த ஊரில் சுத்தமாக இருக்காது. பயணத்துக்கு முன்பே இரண்டு மூன்று எண்களை ஸ்டீரியோவில் பிரிசெட் செய்துவைத்தால் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும்.

தரத்தைப் பொறுத்தவரை, எஃப்எம் ஒலிபரப்பில் 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி போகாது. சிம்பல், சலங்கை போன்ற மெல்லிய ஓசைகள் சற்று மங்கும். பேச்சு, பாட்காஸ்ட், மேப் குரல் எல்லாம் பிரச்னை இல்லை.

இதிலேயே வயர்டு எஃப்எம் மாடுலேட்டர் என்று ஒன்று உண்டு. ஆன்டெனா வயருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் பொருத்துவது. பாட்டு ஓடும்போது வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிடும் வகை என்பதால் மற்ற ஸ்டேஷன்கள் குறுக்கே வராது. ஆனால் ஸ்டீரியோவைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

வழி 5: கேசட் அடாப்டர்

சிரிக்காதீர்கள். எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை விடப் பல நேரம் இது நன்றாகவே கேட்கும். கேசட் வடிவத்திலேயே இருக்கும், உள்ளே டேப் இருக்காது. அதற்குப் பதில் ஒரு சின்ன காந்தத் தலை இருக்கும். போனிலிருந்து வரும் சிக்னல் அதில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உருவாக்கும். டெக்கில் உள்ள தலை, எதிரே டேப் ஓடுகிறது என்று நினைத்து அதைப் படிக்கும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள், டேப் முடிந்துவிட்டது என்று டெக் நின்றுவிடாமல் ஏமாற்றுவதற்காக.

ஆட்டோ ரிவர்ஸ் டெக்குகளில் மட்டும் இது பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் தொல்லை உண்டு. சத்தம் மந்தமாக இருந்தால் டெக்கின் தலையில் தூசி படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் தெளிவாகிவிடும்.

பழைய ஐபாட் வைத்திருப்பவர்களுக்கு

2001இல் வந்த ஐபாட் வரிசையை ஆப்பிள் 2022 மே மாதத்தில் முடித்துக்கொண்டது. ஆனால் மேஜை டிராயரில் இன்னும் ஐபாட் வைத்திருப்பவர்கள் உண்டு. அதை வெளியே எடுக்க நல்ல காரணம் இருக்கிறது: கால் வராது, நோட்டிஃபிகேஷன் வராது, சிக்னல் தேவையில்லை.

பழைய 30 பின் ஐபாட்டாக இருந்தால், ஹெட்போன் துளையை விட அடியில் உள்ள டாக் இணைப்பிலிருந்து சத்தம் எடுப்பது நல்லது. ஐபாட்டின் வால்யூம் அமைப்பைத் தாண்டி நேரடியாக வரும் 'லைன் அவுட்' அது. ஸ்டீரியோவிலேயே ஐபாட் ஆதரவு இருந்தால் யுஎஸ்பி வயர் போதும், பாட்டுப் பெயரும் டிஸ்பிளேயில் வரும்.

வழி 6: ஸ்டீரியோவையே மாற்றுவது

மேப், ரிவர்ஸ் கேமரா, ஆண்ட்ராய்டு ஆட்டோ எல்லாம் வேண்டும் என்றால் மாற்றுவதில் தவறில்லை. ஆனால் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

*அளவு.* சிங்கிள் டின் என்றால் 180க்கு 50 மில்லிமீட்டர். டபுள் டின் என்றால் 180க்கு 100. டாஷ்போர்டின் வடிவத்தோடு சேர்ந்து வரும் கம்பெனி ஸ்டீரியோவாக இருந்தால் உங்கள் கார் மாடலுக்கான தனி ஃபிரேம் வாங்க வேண்டும். ஃபிரேமின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

*வாட்ஸ்.* பெட்டியில் "50 வாட்ஸ் × 4" என்று பெரிதாக இருக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் 51.8 வாட்ஸ். பெட்டியில் உள்ள 50 இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது சத்தம் முழுக்கச் சிதைந்து சதுர அலையாக ஓடும்போது கிடைக்கும் உச்சம். சிதையாத அலையில் அதில் பாதி, அதாவது 26 வாட்ஸுக்குக் கீழ்தான் சாத்தியம். நடைமுறையில் இன்னும் குறையும். எனவே 'ஆர்எம்எஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண ஸ்டீரியோக்கள் இந்தக் கணக்கைத் தாண்டுவதில்லை.

*கப்ளர்.* இதுதான் மிக முக்கியம். காரின் ஒரிஜினல் வயரை வெட்டி, புது ஸ்டீரியோ வயரோடு முறுக்கி, கருப்பு டேப் சுற்றுவதுதான் சில கடைகளின் பழக்கம். வெயிலில் நிற்கும் காருக்குள் டேப்பின் பசை இளகும், அதிர்வில் இணைப்பு தளரும். பிறகு நடப்பது ஷார்ட் சர்க்யூட். உங்கள் மாடலுக்கான கப்ளர் போட்டால் எந்த வயரையும் வெட்ட வேண்டாம். நாளை பழைய ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டவும் முடியும். வாரன்ட்டியில் உள்ள கார் என்றால், வயர் வெட்டியிருந்தால் எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு வாரன்ட்டி மறுக்கப்படலாம்.

*மஞ்சளும் சிவப்பும்.* வெளிக்கடை ஸ்டீரியோக்களில் வழக்கமாக மஞ்சள் வயர் எப்போதும் கரன்ட் வருவது, நேரமும் பிரிசெட்டும் அழியாமல் இருக்க. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வருவது. கருப்பு எர்த்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். என் காரில் ஸ்டீரியோ மாட்டிய கடைக்காரர் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவிட்டார். சாவியை எடுத்தாலும் ஸ்டீரியோ முழுதாகத் தூங்கவில்லை. ஸ்கிரீன் கருப்பாக இருந்ததால் எனக்கும் தெரியவில்லை. மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. புது பேட்டரிதான் போட வேண்டும் என்றார் ஒருவர். காரணம் பேட்டரி இல்லை. சின்ன பெட்ரோல் கார்களில் பேட்டரி சுமார் 35 ஆம்பியர் ஹவர். நின்றிருக்கும்போது ஸ்டீரியோ 0.3 ஆம்பியர் இழுத்தால்கூட மூன்று நாளில் 21.6 ஆம்பியர் ஹவர் காலி. மீதி இருப்பதில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாது. கப்ளர் போட்டு மாற்றியதோடு பிரச்னை தீர்ந்தது. அதே பேட்டரிதான் இன்னமும் ஓடுகிறது.

வேலை முடிந்ததும் நீங்களே சோதித்துப் பாருங்கள். சாவியை எடுத்தால் ஸ்டீரியோ அணைய வேண்டும். மறுபடி போட்டால் நேரமும் ஸ்டேஷன்களும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் இந்த இரண்டு வயரும் சரி.

இன்னொன்று, பிறகு பொருத்திய ஸ்டீரியோவுக்கு இன்ஷூரன்ஸ் தானாகக் கிடைக்காது. பாலிசி புதுப்பிக்கும்போது எலக்ட்ரிக்கல் ஆக்சஸரி என்று தனியாகச் சொல்லி, அதற்கான பிரீமியமும் கட்ட வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே: டாங்கிள் வாங்கும் முன்

ஆன்லைனில் "வயர்லெஸ் கார்பிளே டாங்கிள்" விளம்பரங்கள் நிறைய. இவற்றில் பெரும்பாலானவை செய்வது ஒன்றுதான்: ஏற்கெனவே வயர் மூலம் கார்பிளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ வேலை செய்யும் ஸ்டீரியோவை வயர்லெஸ்ஸாக மாற்றுவது. அந்த வசதியே இல்லாத பழைய ஸ்டீரியோவில் இதைச் செருகினால் எதுவும் நடக்காது. யுஎஸ்பி போர்ட் இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

'ங்ங்ங்' என்று இரைச்சல் வருகிறதா?

ஆக்ஸில் பாட்டு ஓடும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறும் ஒரு ஊளைச் சத்தம் வரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது ஆல்டர்னேட்டரின் சத்தம்.

சோதனை எளிது. சார்ஜர் வயரை போனிலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் நின்றால், சார்ஜரும் ஆக்ஸ் வயரும் இரண்டு வேறு பாதையில் எர்த் ஆவதால் வரும் கோளாறு அது. 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற சின்ன பெட்டியை ஆக்ஸ் வயருக்கு நடுவில் போட்டால் சரியாகிவிடும், விலை சில நூறு ரூபாய்தான். சார்ஜரைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் ஸ்டீரியோவின் எர்த் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாட்டு கேட்பது குற்றமில்லை. போனைக் கையில் எடுப்பதுதான் பிரச்னை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184வது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி சிக்கினால் அபராதம் 10,000 ரூபாய். ஸ்பாட்டில் கட்டும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2020 அக்டோபரில் வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்கிறது. பாட்டு மாற்றுவது அதில் வராது.

அபராதத்தை விடுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் நகரும். பிளேலிஸ்ட்டில் அடுத்த பாட்டைத் தேட மூன்று நொடி எடுத்தால் 66 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 462 பேர்.

எனவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: போனைத் தொடாமல் அடுத்த பாட்டுக்குப் போக முடியுமா? ரிசீவரில் பட்டன் இருக்கிறதா? ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யுமா? ஆக்ஸ் வயர் மட்டும் என்றால் கிளம்பும் முன்பே நீளமான பிளேலிஸ்ட்டைப் போட்டுவிடுங்கள். வயர் கியருக்கோ ஹேண்ட் பிரேக்குக்கோ குறுக்கே தொங்கக் கூடாது. ஏர்பேக் திறக்கும் இடத்தில் போன் ஹோல்டர் ஒட்டவே கூடாது.

கார் கை மாறும்போது

ப்ளூடூத் ஸ்டீரியோ உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டையும் கால் விவரங்களையும் நகலெடுத்து வைத்திருக்கலாம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியதும் பழைய ஓனரின் போனை அழியுங்கள், விற்கும்போது உங்களுடையதை அழியுங்கள். 'ஃபேக்டரி ரீசெட்' இருந்தால் அதுவே சுலபம். ஆண்ட்ராய்டு ஸ்கிரீனில் வங்கி, ஆபீஸ் மெயில் எல்லாம் இருக்கும் முக்கிய கூகுள் கணக்கைப் போடாமல், தனியாக ஒன்று தொடங்கிப் பயன்படுத்துங்கள்.

அப்போ எதைத்தான் வாங்குவது?

இரண்டு மூன்று ஆண்டில் காரை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஸ்டீரியோவைத் தொடாதீர்கள். ஆக்ஸ் இருந்தால் ப்ளூடூத் ரிசீவர், இல்லாவிட்டால் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். காரை விற்கும்போது கழற்றி அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

மாதம் ஒருமுறை ஊருக்கு நெடுந்தூரம் ஓட்டுபவர் என்றால் பென் டிரைவ் ஒன்றும் கூடவே வைத்திருங்கள். வழியில் சிக்னல் போனாலும் பாட்டு நிற்காது.

இன்னும் ஐந்தாறு ஆண்டு இதே கார்தான், மேப்பும் கேமராவும் வேண்டும் என்றால் ஸ்டீரியோ மாற்றலாம். ஃபிரேம், கப்ளர், வேலைக் கூலி மூன்றையும் சேர்த்து மொத்த விலை கேளுங்கள், பில் வாங்குங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வயர் கட்டரைக் கையில் எடுத்தால், "அண்ணா, கப்ளர் போட்டுத்தான் மாட்டணும்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். வெட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை.